கம்பி எங்கே, அம்மிணி?

பழைய பாட்டுப் பெட்டிக்குப் புது உயிர்! கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு காற்று வழியே வரும் விந்தை!

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கிணத்துக்கடவு.

பொன்மலையின் மேல் வேலாயுதசாமி கோவில். கீழே ஊர். பக்கத்தில் தக்காளிச் சந்தை. சுற்றிலும் தென்னந்தோப்புகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஆடி மாதத்தில் தென்னை மரங்களைப் பிடித்து உலுக்கும்.

அந்த ஊரில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

முன் அறையில் இரண்டு உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகள். நடுவில் ஆம்பிளிஃபயர். அதன் மேல் காஸெட் போடும் டெக். 1980-களில், தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருடத்தில், அந்த வீட்டு அப்பாரு ஆசையோடு வாங்கியது.

அந்தப் பெட்டி பாடினால் அடுப்படியில் இருக்கும் ஆத்தாவுக்கும் கேட்கும். மாட்டுக் கொட்டகையில் இருப்பவருக்கும் கேட்கும். வீடே கேட்கும்!

இப்போது அது பாடுவதில்லை. டெக்கின் ரப்பர் பெல்ட் இற்றுப்போய்விட்டது. காஸெட்டுகளில் பூஞ்சை படிந்துவிட்டது. பேரனும் பேத்தியும் காதில் எதையோ செருகிக்கொண்டு தனித்தனியே பாட்டுக் கேட்கிறார்கள். ஆத்தாவுக்கு மட்டும் பாட்டு இல்லை. அவருக்கு செல்போனைத் தடவிப் பாட்டுப் போடத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய சாமான் வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். அப்பாரு எழுந்து வாசலுக்குப் போனார். கோவையில் படிக்கும் பேத்தி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க அப்பாரு, இதையா போடப் போறீங்க?"

"பாடாத பெட்டிக்கு வூட்டுல எதுக்கு அம்மிணி எடம்?"

"பாட வெச்சுட்டா?"

அவள் கைப்பையிலிருந்து தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றை எடுத்தாள். ஆம்பிளிஃபயரின் முதுகுப்புறத்தில் செருகினாள். பிறகு பின்கட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

முன் அறையில் நாதஸ்வரம் எழுந்தது!

அப்பாரு திடுக்கிட்டார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பின்கட்டில். பெட்டி முன் அறையில். நடுவில் இரண்டு சுவர்கள்.

"கம்பி எங்கே, அம்மிணி?" என்றார்.

நல்ல கேள்வி! கம்பி எங்கே? பாட்டு எந்த வழியாக வந்தது?

முதல் மணி கல்கத்தாவில்!

காற்று வழியே சேதி அனுப்புவது இன்று நேற்று வந்ததல்ல. அதன் கதையில் ஒரு முக்கியமான காட்சி நம் நாட்டிலேயே நடந்தது.

1895-ம் ஆண்டு. கல்கத்தா டவுன் ஹால். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனை செய்து காட்டினார். ஓர் இடத்தில் அவர் எழுப்பிய மின் அலை, சுவர்களை ஊடுருவிச் சென்றது. தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. கூடியிருந்தவர்கள் வியந்துபோனார்கள்.

போஸ் ஆராய்ந்தவை மிகக் குட்டையான அலைகள். சில அலைகளின் நீளம் சில மில்லிமீட்டர்தான். இன்று வீடுகளில் பாட்டுச் சுமக்கும் அலையும் குட்டை அலையின் இனத்தைச் சேர்ந்ததே. அதன் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதாவது, ஏறக்குறைய அரைச் சாண்!

ரேடியோவின் மத்திய அலை எவ்வளவு நீளம் தெரியுமா? நூற்றுக்கணக்கான மீட்டர். அது ஊர்களைத் தாண்டிப் போகும். அரைச் சாண் அலை, வீட்டுக்குள் ஓடும் சின்னப் பையன் மாதிரி. அறைக்கு அறை ஓடும். அடுத்த ஊருக்குப் போகாது.

சென்னையில் பாட்டு, கோவையில் பெட்டி

அலை மேல் பாட்டை ஏற்றும் வித்தை தமிழ்நாட்டுக்கு வந்தது 1924-ல். சி.வி.கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அந்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி அதன் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. முதல் கருவியின் சக்தி எவ்வளவு? 40 வாட். ஒரு சாதாரண குண்டு பல்பின் அளவு!

பணமில்லாமல் 1927-ல் கிளப் நின்றது. கருவி சென்னை மாநகராட்சியிடம் போயிற்று. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். 1938-ல் சென்னையிலும், 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் திறந்தன.

கோவை மட்டும் சும்மா இருக்குமா? சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. எந்த யந்திரத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் மேதை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அவர் 1941-ல் அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது!

1966-ல் கோவைக்கே வானொலி நிலையம் வந்தது. கொங்கு நாட்டுப் பேச்சும் பாட்டும் வானில் ஏறின. கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. மாலையில் அதன் அடியில் ஊரே கூடும்.

அந்தக் காலத்தில் பாட்டு என்றால் எல்லோரும் சேர்ந்து கேட்பது. அதைத்தான் மறக்கக் கூடாது.

லைசென்ஸ் வேண்டாமா?

அப்போது ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். கேட்பதற்கே லைசென்ஸ்! 1980-களில் அந்த வழக்கம் ஒழிந்தது.

இன்று பேத்தி செய்தது கேட்பது மட்டுமல்ல. அவளுடைய கம்ப்யூட்டர் அலையை அனுப்பவும் செய்கிறது. அதாவது, பின்கட்டில் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமே நடக்கிறது. அதற்கு லைசென்ஸ் வேண்டாமா?

வேண்டாம்! குறைந்த சக்தியுள்ள இப்படிப்பட்ட கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையை மத்திய அரசு 2005-ல் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. அந்த அலை ஒரு விநாடிக்கு 240 கோடி தடவை அதிர்கிறது. அதன் சக்தி சிறிது. எட்டும் தூரமும் சிறிது. அதனால் ஒரு வீட்டுப் பாட்டு அடுத்த ஊர்ப் பாட்டைக் கெடுப்பதில்லை.

பாட்டு எண்ணாகிறது!

சரி, பாட்டு எப்படி அலையில் ஏறுகிறது?

கம்ப்யூட்டருக்கு ஸ்வரம் தெரியாது. தாளமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. ஆகவே பாட்டை எண்ணாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் அளவை ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறார்கள். 1982-ல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் இப்படித்தான் பாடியது.

ஏன் 44,100? மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரை கேட்கும். அதிர்வைத் தவறாமல் பிடிக்க வேண்டுமானால், அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அதுதான் கணக்கு.

கம்ப்யூட்டரின் எண்கள் எல்லாம் ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே குறிகளால் ஆனவை. இடது பெட்டி, வலது பெட்டி இரண்டுக்கும் சேர்த்து ஒரு விநாடிப் பாட்டுக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 குறிகள்!

இருட்டில் ஒருவர் விளக்கை மறைத்து மறைத்துக் காட்டி, தூரத்தில் இருப்பவருக்குச் சேதி சொல்லலாம் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். கம்ப்யூட்டர் தன் அலையைச் சிறிது சிறிதாக மாற்றிக் காட்டுகிறது. ஒரு வித மாற்றம் ஒன்று. இன்னொரு வித மாற்றம் பூஜ்யம். முன் அறையில் உள்ள கருவி அதைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்கிறது.

அந்த எண்களை அது மறுபடியும் மின்சாரமாக மாற்றும். ஆம்பிளிஃபயர் மின்சாரத்தைப் பெருக்கும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அதிரும். காற்று அதிரும். ஆத்தாவின் காதில் நாதஸ்வரம்!

கிணறு, வாய்க்கால், தொட்டி

பெயரிலேயே கிணறு இருக்கும் ஊர் கிணத்துக்கடவு. அங்குள்ளவர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்குவது எளிது.

தோட்டத்தில் மோட்டார் கிணற்று நீரை நேரே பாத்திக்கு அனுப்பினால் என்ன ஆகும்? மின்சாரம் விட்டு விட்டு வந்தால் நீரும் விட்டு விட்டுப் பாயும். விவசாயி என்ன செய்கிறார்? முதலில் நீரைத் தொட்டியில் நிரப்புகிறார். தொட்டியிலிருந்து மடை திறக்கிறார். மோட்டார் சிறிது நேரம் நின்றாலும் பாத்திக்கு நீர் நிற்காது.

பாட்டும் அப்படியே! கம்ப்யூட்டர்தான் கிணறு. அலைதான் வாய்க்கால். ஆம்பிளிஃபயரில் செருகிய கருவிக்குள் ஒரு சின்ன ஞாபகத் தொட்டி இருக்கிறது. அடுத்து வரும் பாட்டை அது முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். வழியில் அலை கொஞ்சம் தடுமாறினாலும் பாட்டு அறுபடாது.

பொத்தானை அழுத்தியதும் பாட்டு வராமல் ஓரிரு விநாடி தாமதம் ஆகிறதே, ஏன்? தொட்டி நிறைகிறது!

இதே காரணத்தால் ஒரு சங்கடமும் உண்டு. கம்ப்யூட்டரில் சினிமாப் பார்த்துக்கொண்டு, வசனத்தை மட்டும் பெரிய பெட்டியில் கேட்டால், வாய் ஒரு நேரமும் பேச்சு ஒரு நேரமுமாக வரலாம். பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஹைஃபையும் வைஃபையும்

அசல் குரலுக்குத் துரோகம் செய்யாமல் பாடும் பெட்டியை "ஹைஃபை" என்று சொல்வார்கள். அசலுக்கு மிகுந்த விசுவாசம் உடையது என்று பொருள்.

1999-ல், கம்ப்யூட்டர்களைக் கம்பியில்லாமல் இணைக்கும் முறைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஹைஃபைக்கு எதுகையாக "வைஃபை" என்று வைத்தார்கள். பெயரிலேயே உறவு இருந்தது. இப்போது இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டன!

வைஃபைக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது எதிரொலி. வீட்டுக்குள் அலை நேராகவும் போகும். சுவரில் மோதியும் போகும். பீரோவில் பட்டுத் திரும்பியும் போகும். ஒரே சேதி பல தடவை, சற்றே முன் பின்னாக வந்து சேரும். பாறைக்கு முன் நின்று கூவினால், சொன்ன சொல்லே குழம்பி வருமே, அதைப் போல!

இதைத் தீர்க்க உதவியவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். அவர்களில் ஒருவர் ஜான் ஓ'சல்லிவன். வானத்தில் வெடிக்கும் சிறு கருந்துளைகளின் ரேடியோ ஒலியைத் தேடியவர். கருந்துளை வெடிப்பு அகப்படவில்லை. ஆனால் மங்கிய அலையிலிருந்து தெளிந்த சேதியைப் பிரிக்கும் கணக்கு அவருக்குக் கைவந்தது. அந்த அனுபவத்தோடு அவரும் குழுவினரும் வீட்டு எதிரொலியை வெல்ல வழி கண்டார்கள். 1996-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

வழி என்ன? ஒரே பெரிய வண்டியில் சரக்கு முழுவதையும் ஏற்றி வேகமாக ஓட்டாமல், பல சிறு வண்டிகளில் பிரித்து மெதுவாக ஓட்டுவது. எதிரொலி வந்தாலும் சரக்குக் கலையாது.

வானத்தில் தேடியது கிடைக்கவில்லை. வீட்டில் பாட்டுக் கிடைத்தது!

ராஜா பெயரும் நடிகை வழியும்

வைஃபையைத் தவிர இன்னொரு முறையும் உண்டு. அதன் பெயர் புளூடூத். நீலப் பல்!

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற ராஜாவின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த மக்களை ஒன்று சேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பல கம்பெனிக் கருவிகளை ஒன்று சேர்க்கும் முறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

புளூடூத் அலை ஓர் இடத்தில் நிற்காது. 79 சிறு தடங்களில் தாவித் தாவிப் போகும். விநாடிக்கு 1,600 தாவல்! ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தடத்தில் பாட்டுத் தப்பிவிடும்.

இப்படித் தாவும் யுக்திக்கு முன்னோடியாக ஒரு சினிமா நட்சத்திரமும் இருந்தார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஹெடி லமார். ஆஸ்திரியாவில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ் பெற்ற நடிகை. இரண்டாம் உலகப் போர் நேரம். நீருக்குள் பாயும் டார்பிடோ குண்டை ரேடியோ அலையால் செலுத்தினால், எதிரி அந்த அலையைக் கெடுத்துவிடலாம். அலை தாவிக்கொண்டே இருந்தால்? எதிரியால் பிடிக்க முடியாது! இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து அவர் இதற்கு ஒரு முறை கண்டார். தானாக வாசிக்கும் பியானோவில் இருக்குமே துளையிட்ட காகிதச் சுருள், அதைக் கொண்டு அலையை மாற்றுவது. பியானோவுக்கு 88 கட்டைகள். அலைக்கும் 88 தடங்கள்!

1942-ல் காப்புரிமை கிடைத்தது. அந்தப் போரில் அது பயன்படவில்லை. 2000-ல் ஹெடி லமார் காலமானார். 2014-ல் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள். பாட்டுக்காரரும் நடிகையும் சேர்ந்து கண்ட யுக்தியின் இனம், இன்று பாட்டையே சுமக்கிறது!

எது நல்லது?

வைஃபையா? புளூடூத்தா?

புளூடூத் எளிது. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது. விலை குறைந்த ஒரு ரிசீவர் வாங்கி ஆம்பிளிஃபயரில் மாட்டினால் போதும். ஆனால் சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரந்தான் எட்டும். சுவர் இருந்தால் இன்னும் குறையும். அது பாட்டைச் சுருக்கிக் கட்டி அனுப்புவதால் நுட்பமான ஒலி சிறிது கழிந்துபோகலாம். பாட்டு நடுவில் செல்போனுக்கு அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும்.

வைஃபைக்கு வீட்டில் ஒரு ரௌட்டர் வேண்டும். அதன் பாதை அகலமானது. பாட்டைச் சுருக்காமல் முழுசாக அனுப்பலாம். பின்கட்டிலிருந்து முன் அறைக்கும் எட்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பாட்டைப் போடுவதற்கு இன்டர்நெட் தேவையில்லை! ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். மழைக்காலத்தில் இன்டர்நெட் நின்றாலும், அநேகமான கருவிகளில் வீட்டுப் பாட்டு நிற்காது.

ஒரே அறையில் கேட்பவருக்கு புளூடூத். பெரிய வீட்டுக்கும் நுட்பமான காதுக்கும் வைஃபை.

மாட்டுவது எப்படி?

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆம்பிளிஃபயரைத் திருப்பி முதுகைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டிரண்டு துளைகள் இருக்கும். "ஆக்ஸ்" என்றோ, "சிடி" என்றோ, "டேப் இன்" என்றோ எழுதியிருக்கும். ரிசீவரின் வயரை அதில் செருகுங்கள். சிவப்பில் சிவப்பு. வெள்ளையில் வெள்ளை.

"ஃபோனோ" என்று எழுதிய துளையில் மட்டும் செருகாதீர்கள்! அது கிராமபோன் ரிக்கார்டுக்கு உரியது. அங்கே செருகினால் பாட்டு அலறும்.

வால்யூமைக் குறைத்து வையுங்கள். பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். கம்ப்யூட்டரில் ரிசீவரின் பெயரைத் தேடித் தொடுங்கள். பாட்டைப் போட்டு, ஒலியை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

பழங்கால வால்வு ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில வால்வு ரேடியோக்களின் உட்சட்டத்தில் நேரடியாகவே மின்சாரம் ஓடும். அதில் நீங்களாக எதையும் செருக வேண்டாம். தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே தொட வேண்டும். பாட்டு பெரிது, உயிர் அதைவிடப் பெரிது.

இன்னொன்று. வைஃபைக்கு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் பெட்டியில் பாட்டுப் போட்டு எழுப்பிவிடுவான்!

பாட்டுக்கு எதிரிகள்

பாட்டு அறுந்து அறுந்து வருகிறதா? கருவியைத் திட்டாதீர்கள். சுற்றிலும் பாருங்கள்.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரௌட்டர் இருக்கிறதா? அலையை இரும்பு திருப்பி அனுப்பிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் அலையைத் தளர்த்தும்.

வழியில் மீன் தொட்டி இருக்கிறதா? தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும்!

அடுப்படியில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா? அதுவும் ஏறக்குறைய இதே அலையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. அது ஓடும்போது சிறிதளவு அலை வெளியே கசியும். உங்கள் உடம்புக்குக் கெடுதல் செய்யாத அந்த அளவே, பாட்டை இடறச் செய்யப் போதும்.

வழி என்ன? ரௌட்டரை உயரமான இடத்தில், வீட்டின் நடுவில் வையுங்கள். அநேகமாகச் சரியாகிவிடும்.

கருவி மாறும், பெட்டி நிற்கும்

இந்த முறை வீடுகளுக்குப் பரவத் தொடங்கியது 2004-ல். ஆப்பிள் கம்பெனி சுவர் பிளக்கில் மாட்டும் ஒரு சிறு பெட்டியை வெளியிட்டது. அதன் ஒரு துளையில் பழைய ஹைஃபையை இணைத்தால், கம்ப்யூட்டர் பாட்டு அதில் வரும். 2018-ல் அந்தக் கருவியை நிறுத்திவிட்டார்கள். கூகிள் கம்பெனியும் இதே வேலைக்காக 2015-ல் ஒரு சின்ன வட்டக் கருவியைக் கொண்டுவந்தது. 2019-ல் அதுவும் நின்றுவிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் சின்னக் கருவிகள் வரும், போகும். ஆனால் நல்ல ஒலிபெருக்கியும் நல்ல ஆம்பிளிஃபயரும் பல பத்து வருடம் நிற்கும். காரணம், காதும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. ஒலிபெருக்கி செய்யும் வேலை 1980-ல் எதுவோ, இன்றும் அதுவே.

ஆகவே பெரிய பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்க அவசரப்படாதீர்கள். கெட்டது டெக்காக இருக்கலாம். பெட்டி நன்றாக இருக்கலாம். சிறு கருவி பழசானால் அதை மட்டும் மாற்றுங்கள். ஏர் பழசானால் மாட்டை விற்பார்களா?

வீடு கேட்டது!

மறுபடியும் கிணத்துக்கடவு வீட்டுக்கு வருவோம்.

பேத்தி சொன்னதையெல்லாம் அப்பாரு கேட்டார். எல்லாம் புரிந்ததோ என்னவோ, தொட்டியும் மடையும் நன்றாகப் புரிந்தன. வாசலில் நின்ற பழைய சாமான்காரரிடம், "பெட்டி கொடுக்கறதுக்கில்லீங்க" என்று சொல்லி, ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினார்.

பேரன் காதில் செருகியிருந்ததை எடுத்துவிட்டு வந்தான். "அண்ணாந்து பார்த்தா கம்பி தெரியுமாக்கும்?" என்று அப்பாருவைக் கேலி செய்தான். அடுத்து எந்தப் பாட்டு என்று இருவருக்கும் சண்டை வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டுக்காகச் சண்டை!

அடுப்படியில் தாளிக்கும் ஓசை நின்றது. ஆத்தா கையில் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றார். செல்போனைத் தொடத் தெரியாதவர் அவர். இப்போது எதையும் தொட வேண்டியதில்லை. நின்றால் போதும், கேட்கிறது.

"ஆரு போட்டது?" என்றார்.

"நம்ம பொட்டிதான் பாடுது" என்றார் அப்பாரு.

ஆத்தா கம்பியைத் தேடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"செரி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு சாமி!"